கார்மேகத்தின் எட்டாவது ஆட்டம்

சந்தியா கணக்கை மூன்றாவது முறையாகப் போட்டுப் பார்த்தாள். அதே எண்தான் வந்தது. 0.414. அபுதாபிக் கல்லூரியின் எண் 0.428. பஹ்ரைனில் நடக்கவிருக்கும் வளைகுடாக் கல்லூரிகளுக்கான கூடைப்பந்துப் போட்டியில் மிச்சம் இருந்தது ஒரே ஓர் இடம். எந்த டீமின் எண் பெரியதோ அதற்கு அந்த இடம். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குப் பிறகு யாரும் எதையும் மாற்ற முடியாது.

அன்று புதன்கிழமை. அவள் அப்பா கார்மேகம் இறந்து முப்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது. 0.414 அவருடைய டீமின் எண். பதினோரு வருடம் அந்த டீமுக்கு அவர்தான் கோச்.

கார்மேகம் பெரியகுளத்துக்காரர். அந்த ஊரில் கூடைப்பந்து ஆடாத பையன் குறைவு. அவரும் ஆடினார். கல்லூரிக்குப் போக வசதி இல்லாததால் இருபத்தெட்டு வயதில் துபாயின் ஜெபல் அலியில் ஒரு கிடங்குக்கு ஹெல்பராக வந்தார். அப்போது சந்தியாவுக்கு எட்டு மாதம். பெட்டி தூக்கினார், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார், பிறகு ஸ்டோர் இன்சார்ஜ் ஆனார். ஷார்ஜாவின் ரோலாவில் ஒரு ரூமில் ஆறு பேரோடு ஒன்பது வருடம் இருந்துவிட்டு, அதே ரோலாவில் ஒரு வீடு பிடித்து மனைவி சந்திரகலாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். இத்தனைக்கும் நடுவில் கிடங்குத் தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்புக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் தரையில் ஒரு கூடையை மாட்டி, கிடங்கு ஆட்களை வைத்து ஒரு டீம் கட்டினார். அந்த டீம் ஒருமுறை அகாடமிக் சிட்டியில் இருந்த ஓர் இந்தியக் கல்லூரிக் கிளையின் டீமைத் தோற்கடித்தது. தோற்ற கல்லூரி அவரையே பகுதிநேரக் கோச்சாக எடுத்துக்கொண்டது. 

ட்யூட்டி முடிந்து, வாரத்தில் நான்கு நாள், ஜெபல் அலியிலிருந்து அகாடமிக் சிட்டிக்குப் போவார். அங்கிருந்து ஷார்ஜா திரும்பும்போது சாப்பாடு ஆறிப்போயிருக்கும். சந்திரகலா அதற்காகப் பல வருடம் சண்டை போட்டாள். பிறகு ஒரு மைக்ரோவேவ் வாங்கிக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அவர் டீமை எல்லோரும் குறை சொல்ல ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. லீக் பிப்ரவரியில் தொடங்கும். அதற்கு முன் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒவ்வொரு கல்லூரியும் தனக்குப் பிடித்த எட்டு டீம்களோடு ஆடிக்கொள்ளலாம். மற்ற கோச்சுகள் பேர் பெற்ற டீம்களைத் தேடுவார்கள். கார்மேகம் தேடிப் பிடிப்பதெல்லாம் நோஞ்சான் டீம். போன வருடம்தான் கூடை மாட்டிய ஒரு நர்சிங் கல்லூரி. வார இறுதியில் மட்டும் கூடும் வங்கிக்காரர்களின் கிளப். நாற்பது தாண்டியவர்கள் மூச்சிரைக்க ஓடும் இன்னொரு கிளப். எண்பதுக்கு முப்பது என்று ஜெயித்துவிட்டு வருவார். கோச் சார் பூனையைப் பிடித்துப் புலி என்று படம் எடுத்துப் போடுகிறார் என்று கல்லூரி வாட்ஸ்அப்பில் ஒரு பேராசிரியர் எழுதினார். கார்மேகம் அதற்குக் கட்டைவிரல் உயர்த்திக் காட்டினார்.

சந்தியா தரக்கட்டுப்பாட்டு இன்ஜினியர். குழாய்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. எந்தத் தொகுதியில் எத்தனை பழுது, அது எதனால் வந்தது என்று கண்டுபிடித்து, காரணமானவருக்கு மெமோ கொடுப்பது அவள் பணி. அப்பாவின் ஆட்ட அட்டவணையையும் அவள் அந்தக் கண்ணால்தான் பார்த்தாள். போன செப்டம்பரில் லீக் குழு ஒரு புதிய சூத்திரத்தை அறிவித்தது. அந்த எட்டு ஆட்டங்களும் லீக் ஆட்டங்களும் சேர்த்துக் கணக்கு. டீமின் எண்ணில் கால் பங்கு அதன் வெற்றி விகிதம். முக்கால் பங்கு, அது மோதிய டீம்களின் வெற்றி விகிதம். சந்தியா ஒரு மாலைப்பொழுதில் லேப்டாப்பை அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ரெண்டு நோஞ்சான் டீம எடுத்துட்டு ரெண்டு பலமான டீமப் போடுங்க. தோத்தாக்கூடப் பரவால்ல. நம்பர் ஏறும்."

"தோத்தா ஏறுமா?"

"ஏறும்."

"ஜெயிச்சா?"

"நோஞ்சான ஜெயிச்சா எறங்கும்."

கார்மேகம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தார். "ஏம்மா, இவள நான் காசு கட்டித்தான படிக்க வச்சேன்" என்றார்.

சந்திரகலா சிரித்தாள். சந்தியா சிரிக்கவில்லை. சூத்திரத்தை மறுபடி விளக்கினாள். அவர் மறுபடி கேட்டார். பிறகு தன் பக்கத்தைச் சொன்னார். ஜனவரி வந்தால் நாலாம் வருடப் பையன்கள் ஐந்து பேர் இன்டர்ன்ஷிப் என்று போய்விடுவார்கள். முதல் ஐவர் அவர்கள்தான். லீக் ஆடப்போவது பெஞ்சில் இருக்கும் பயல்கள். பலமான டீமோடு ஆடினால் அந்த ஐவரை உட்கார வைக்க முடியாது, பெஞ்சுப் பயல் பந்தைத் தொடாமலே பிப்ரவரிக்கு வந்து நிற்பான். நோஞ்சானோடு ஆடினால் பத்தாவது நிமிடத்தில் அவனை இறக்கிவிடலாம். நாலு தடவை பந்தைத் தவறவிடுவான். ஐந்தாவது தடவை பிடிப்பான்.

"தப்பு பண்றதுக்கும் ஒரு எடம் வேணும்ல பாப்பா."

"அதுக்கு சூத்திரத்துல எடம் இல்லப்பா."

"அப்ப சூத்திரத்தத் திருத்தச் சொல்லு."

அவள் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போனாள். கடைசியாகச் சொன்னதும் நினைவிருக்கிறது. ஒரு பலமான டீமாவது போடுங்கள், ஒன்றே ஒன்று, எனக்காக. அவர் தட்டைக் கழுவப் போய்விட்டார்.

பத்து நாள் கழித்து எட்டுப் பெயர்களையும் போனில் சொன்னார். ஆறு வருடமாக அதுதான் வழக்கம். கோச்சுக்கான இணையக் கணக்கும் கடவுச்சொல்லும் அவர் பெயரில். திறப்பதும் பதிவதும் அவள். அவர் ஸ்டோரில் நின்றுகொண்டு கத்திச் சொல்வார், பின்னால் ஃபோர்க்லிஃப்ட் பின்வாங்கும் சத்தம் கேட்கும், அவள் தட்டச்சு செய்வாள். எட்டாவது பெயர் அல் கூஸில் இருக்கும் ஒரு கார்கோ கம்பெனியின் டீம். ஊருக்கு அனுப்பும் பெட்டிகளைக் கட்டுகிறவர்கள். கேட்டதும் அவளுக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது. ஒரு பலமான டீம் கேட்டால் பெட்டி கட்டுகிறவர்களைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறார். படிவத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வகை குறிக்க வேண்டும். கல்லூரி, கிளப், பயிற்சி ஆட்டம். முதல் வரிசையில் கிளப் என்று போட்டு, மற்ற ஏழுக்கும் அதையே கீழே இழுத்துவிட்டாள். எல்லாம் ஒரே தரம்தானே. அழுத்தி அனுப்பினாள்.

நவம்பரில் அந்த எட்டாவது ஆட்டத்தில் டீம் 98க்கு 57 என்று தோற்றது. பெட்டி கட்டுகிறவர்களிடம் நாற்பத்தொரு பாயிண்டில் தோற்றீர்களா என்று கேட்டுக்கொண்டே எண்களைப் பதிந்தாள். நன்றாக ஆடினார்கள் என்று மட்டும் சொன்னார் கார்மேகம். குரலில் வருத்தம் இல்லாதது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பிப்ரவரியில் லீக் தொடங்கியது. முதல் ஐவர் போய்விட்டார்கள். பெஞ்சுப் பயல்கள் முதல் மூன்று ஆட்டத்தையும் ஜெயித்தார்கள். நாலாவது ஆட்டத்துக்கு முந்தைய நாள், ஸ்டோரில், ஒரு கன்டெய்னரின் சீலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது கார்மேகம் உட்கார்ந்தார். எழவில்லை. ஆம்புலன்ஸ் பதினோரு நிமிடத்தில் வந்தது. வந்து பயனில்லை.

உடலை ஊருக்குக் கொண்டுபோக நான்கு நாள். காரியம் முடிய பதினாறு நாள். சந்திரகலா பெரியகுளத்திலேயே தங்கிவிட்டாள். லீவு முடிந்து சந்தியா மட்டும் திரும்பி வந்தாள். அதற்குள் பையன்கள், கேப்டன் நிதினே கோச்சாகவும் நின்று, எட்டில் ஆறு ஜெயித்துத் தங்கள் பிரிவில் இரண்டாம் இடம் வந்திருந்தார்கள். முதலிடக்காரர் நேராகப் பஹ்ரைன் போவார். இரண்டாமிடக்காரர்கள் எண்ணை வைத்து மோத வேண்டும்.

0.414.

எங்கே இடிக்கிறது என்று ஒவ்வொரு ஆட்டமாகக் கணக்கிலிருந்து நீக்கிப் பார்த்தாள். எட்டாவதை நீக்கியபோது 0.442 என்று வந்தது. அபுதாபியைவிட அதிகம். அப்போதுதான் படிவத்தின் அடியில் இருந்த குறிப்பைப் படித்தாள். எந்த லீக்கிலும் பதியாத டீமோடு ஆடுவதைப் பயிற்சி ஆட்டம் என்று குறிக்க வேண்டும். கணக்கில் சேராது. கிளப் என்று குறித்தால் அந்த டீமின் பலம் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளப்படும். பூஜ்யத்திடம் நாற்பத்தொரு பாயிண்டில் தோல்வி. குறிப்பு செப்டம்பரிலும் அங்கேதான் இருந்திருக்கிறது. தொழிற்சாலையில் இதே காரணத்துக்காக இந்த வருடம் மட்டும் நான்கு பேருக்கு மெமோ கொடுத்திருந்தாள்.

நிதினைக் கூப்பிட்டு, அந்தக் கார்கோ டீம் எப்படிப்பட்டது என்று கேட்டாள். துபாயில் பிறந்து வளர்ந்த பையன். பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாகப் பேசுவான்.

"அக்கா, சீரியஸா கேக்குறீங்களா? எல்லாம் ஃபிலிப்பினோ பசங்க. அவங்க ஊர்ல அது நமக்கு கிரிக்கெட் மாதிரி. அந்த டீம் மூணு வருஷமா யார்கிட்டயும் தோத்ததில்ல. எங்க காலேஜ் லீக்ல இருக்கற எந்த டீமையும் ஃபிஃப்டி பாயிண்ட்ல அடிப்பாங்க."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சுதான் பிடிச்சாங்க. பஸ்ல சொன்னாங்க, என் பொண்ணு ஒரு பலமான டீம் கேட்டுச்சு, துபாய்ல இதுக்கு மேல கெடையாது, வாங்கடா போயி நல்லா அடி வாங்கிட்டு வருவோம்னு."

சந்தியா போனை வைத்துவிட்டாள். அவர் கேட்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டு, தனக்குத் தெரிந்ததிலேயே பலமான டீமைத் தேடிப் பிடித்திருந்தார். அதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இரண்டு சொல் போதும், ஃபோர்க்லிஃப்ட் சத்தத்துக்கு மேலே. அவளும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். யாரை நோவது என்று தெரியாமல் அடுக்களைக் குழாயைத் திறந்து, கழுவிய பாத்திரங்களையே திரும்பக் கழுவினாள்.

மறுநாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு தேராவுக்குப் போனாள். லீக் குழுவின் செயலாளர் அனந்தகிருஷ்ணனுக்கு அங்கே ஓர் ஆடிட் அலுவலகத்தில் வேலை. திருச்சிக்காரர், அறுபதை நெருங்குகிறவர். செயலாளர் பதவி சம்பளமில்லாத வேலை, மற்றவர்கள் தட்டிக்கழித்ததால் அவரிடம் தங்கியது. நோன்பு மாதம், அலுவலகம் இரண்டு மணிக்கு மூடிவிடும். சந்தியா போகும்போது பன்னிரண்டரை.

அவர் எழுந்து நின்று, அப்பாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னார். அவள் உட்கார்ந்ததும் கொண்டுவந்த தாள்களை மேசையில் விரித்தாள். லீக்கில் ஆடிய எட்டுப் பையன்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அவர்கள் கோர்ட்டில் இருந்த நிமிடங்கள். அப்பாவின் நோட்டிலிருந்து எடுத்தது. அதில் நூற்றுக்குத் தொண்ணூறு, நோஞ்சான் டீம்களோடு ஆடிய ஏழு ஆட்டங்களில் கிடைத்தவை. முதல் ஐவரை இழந்த மற்ற மூன்று கல்லூரிகள் லீக்கில் ஜெயித்தது எட்டுக்கு இரண்டு, ஒன்று, ஒன்று. இவர்கள் ஆறு. சுலபமான ஆட்டங்கள் வீண் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று கேட்டாள்.

அனந்தகிருஷ்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். உண்மையிலேயே படித்தார். 

"பிரமாதமா இருக்கும்மா. அடுத்த வருஷம் கமிட்டில வைக்கறேன். ஆனா இந்த வருஷம் இதுக்கு எடம் இல்லையே."

"எட்டாவது ஆட்டம் பயிற்சி ஆட்டம். கிளப்னு தப்பா பதிஞ்சிருக்கு. அத மாத்துங்க."

"அதுக்கு வழி இருக்கு. கோச் பதியறப்போ தப்பு பண்ணிட்டா, எழுத்துல கொடுத்துத் திருத்திக்கலாம். அவர் இல்லாத பட்சத்துல காலேஜ் கடிதத்தோட குடும்பத்துல ஒருத்தர் கையெழுத்துப் போடலாம். நீங்க காலைல போன் பண்ணதுமே காலேஜ்ல பேசிட்டேன், கடிதம் வந்தாச்சு."

"தப்பு பண்ணது அப்பா இல்ல. நான்" என்றாள் சந்தியா.

அனந்தகிருஷ்ணன் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு மெதுவாக விளக்கினார். கோச்சின் கணக்கை வேறொருவர் திறந்திருந்தால் அந்தப் பதிவு முழுவதும் செல்லாது. எட்டு ஆட்டமும் போய்விடும். முன்பதிவு இல்லாத டீம் லீக்கில் ஆடியதாக ஆகிவிடும். இரண்டாம் இடமும் போகும். அந்த விதியை எழுதியவர்களில் தானும் ஒருவர் என்றும், கல்லூரிகள் ஆட்களை வைத்துக் கள்ளப் பதிவு செய்ததால் வந்த விதி என்றும் சொன்னார்.

"இதுல கள்ளம் எங்க இருக்கு? அவருக்கு அந்தப் பக்கத்தத் திறக்கவே வராது. ஆறு வருஷமா நான்தான்..."

"அம்மா. நீங்க இப்ப சொன்னது எதுவும் என் காதுல விழல." அவர் ஒரு படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். "அப்பாதான் பதிஞ்சார். தப்பும் அப்பா பண்ணதுதான். இதுல ஒரு கையெழுத்து. முடிஞ்சுது."

சந்தியா படிவத்தைப் பார்த்தாள். பிழை செய்தவர்: பயிற்சியாளர். காரணம் என்று மூன்று கட்டங்கள். கவனக்குறைவு. விதி அறியாமை. தொழில்நுட்பக் கோளாறு. ஒன்றில் குறி இட வேண்டும்.

மூன்றாவதைப் போடலாமா என்று கேட்டாள். கணினியின் பதிவேட்டில் அன்று கோளாறு எதுவும் இல்லை, தள்ளுபடி ஆகிவிடும் என்றார் அவர்.

அந்தப் படிவம் இணையத்தில் ஏறும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பூனையைப் புலி என்று எழுதிய பேராசிரியரும் பார்ப்பார். இருபத்தேழு வருடம் கிடங்கில் ஒரு பெட்டி மாறிப்போனது என்று பெயர் வாங்காத மனிதர். பையன் கோர்ட்டில் இருந்ததை அரை நிமிடம் பிசகாமல் எழுதி வைத்தவர். அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று அவள் எழுதித் தர வேண்டும். தொழிற்சாலையில் யாராவது தன் பழுதை அடுத்த ஷிப்ட்காரன் தலையில் கட்டினால் அவள் விட்டதில்லை. செத்துப்போனவன் தலையில் கட்டுவதற்கு மெமோவில் தனி வகையே கிடையாது.

எழுந்து போய்விடலாம் என்று நினைத்தாள். உண்மையாக நினைத்தாள். எண் 0.414 ஆகவே இருக்கட்டும், அப்பா பெயர் சுத்தமாக இருக்கட்டும். ஆனால் அப்படிப் போனால் அந்த எட்டுப் பையன்கள் தோற்றது யாரிடம்? சூத்திரத்திடம் இல்லை. பெட்டி கட்டுகிறவர்களிடமும் இல்லை. அவள் விரலிடம்.

"டைம் ஆறது" என்றார் அனந்தகிருஷ்ணன். கடுமையாகச் சொல்லவில்லை. மணி ஒன்று ஐம்பது.

"அந்த டீம் எவ்வளவு பலம்னு உங்களுக்குத் தெரியுமா சார்? அந்தக் கார்கோ டீம்?"

"தெரியாம என்ன. என் ஆபீஸ் டிரைவர் அவங்க ரசிகன். என்ன பண்றது, பேப்பர்ல அவங்க பூஜ்யம்."

சந்தியா பேனாவை எடுத்தாள். கவனக்குறைவு என்ற கட்டத்தைத் தாண்டி, இரண்டாவதில் குறி போட்டாள். விதி அறியாமை. அவருக்கு அந்த விதி தெரியாதுதான். கீழே மகள் என்று எழுதிக் கையெழுத்திட்டாள். பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தது. அனந்தகிருஷ்ணன் முத்திரை குத்தினார்.

வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பாதிக் கடைகள் மூடிக் கிடந்தன. ஷார்ஜா பஸ்ஸில் ஜன்னல் இருக்கை கிடைத்தது. அழலாம் என்று பார்த்தாள். வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் யார் மேல் என்று இல்லாமல்.

திங்கள்கிழமை பஹ்ரைன் போகும் டீம்களின் பட்டியல் வந்தது. கல்லூரியின் பெயர் கடைசி இடத்தில் இருந்தது. 0.442. அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: பயிற்சியாளர் விதி அறியாமல் செய்த பதிவுப் பிழை திருத்தப்பட்டது. ஐந்து நிமிடத்தில் நிதினின் அழைப்பு வந்தது. பின்னால் பையன்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவன் கத்தவில்லை.

"அக்கா, கீழ என்ன அப்படிப் போட்டிருக்காங்க? அங்கிள் அந்த மாதிரி மிஸ்டேக் பண்ண மாட்டாரு. யார் இத எழுதிக் கொடுத்தது? நாங்க எல்லாரும் சைன் பண்ணி ஒரு கம்ப்ளைன்ட் மெயில் போடப்போறோம்."

"போடாத."

"ஏன்க்கா?"

"எழுதிக் கொடுத்தது நான். தப்பு பண்ணதும் நான். அப்பா கணக்குல நான் உள்ள போயிப் பதிஞ்சேன். இது வெளிய தெரிஞ்சா உங்க டீம் அவுட். இப்ப உனக்குத் தெரிஞ்சுபோச்சு. மத்தவங்களுக்குத் தெரிய வேணாம்."

கத்திக்கொண்டிருந்த சத்தம் தேய்ந்தது. அவன் எங்கோ தள்ளி நடந்து போகிறான் என்று புரிந்தது. திட்டினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தாள். திட்டவில்லை. அடுத்த வாரத்துக்குள் எல்லோருடைய பாஸ்போர்ட் நகலையும் கேட்டிருக்கிறார்கள், அதெல்லாம் அங்கிள்தான் வாங்குவார், இப்போது யாரிடம் கொடுப்பது என்று கேட்டான்.

தனக்கு அனுப்பச் சொன்னாள். விசா தேதி தெளிவாகத் தெரிகிற மாதிரி ஸ்கேன் செய்ய வேண்டும், போனில் கோணலாக எடுத்து அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்றும் சொன்னாள்.